ஐடிலில் இன்ஜின் தடுமாறுகிறதா? த்ராட்டில் பாடியைப் பாருங்கள்

பெட்ரோல் காரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முதலில் திறப்பது காற்றின் வழிதான். ஏர் ஃபில்டருக்கும், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் நடுவே இருக்கும் த்ராட்டில் பாடிக்குள் ஒரு வட்டத் தகடு திரும்பி, இன்ஜினுக்கு எவ்வளவு காற்று போகலாம் என்று தீர்மானிக்கிறது. சென்சார்கள் அந்தக் காற்றை அளக்க, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ அதற்கேற்ற பெட்ரோலைத் தெளிக்கச் செய்கிறது.

இன்ஜினின் அடிப்பகுதியான கிரான்க்கேஸிலிருந்து திரும்பி வரும் எண்ணெய்ப் புகை தகட்டின் விளிம்பில் கரியாகப் படியும். ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, தகடு மயிரிழை அளவுதான் திறந்திருக்கும். அதனால் மெல்லிய படிவுகூடக் காற்றை மறித்துவிடும். ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) ஏறி இறங்குவது, சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் அணைவது, மிதித்ததும் ஒரு கணம் தயங்குவது எல்லாம் இதனால் வரலாம்.

சுத்தம் செய்ய த்ராட்டில் பாடி கிளீனரையே வாங்குங்கள். கார்புரேட்டர் கிளீனர் சில தகடுகளின் பூச்சை அரித்துவிடும். இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்ப்ரேயை மென்மையான துணியில் அடித்துத் துடைத்தால் போதும். மோட்டாரால் தகடு திரும்பும் எலெக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் தகட்டை விரலால் தள்ளவே தள்ளாதீர்கள்: உள்ளே இருக்கும் கியர் பழுதாகலாம், சாவி ஆன் நிலையில் இருந்தால் விரலும் நசுங்கலாம். அப்புறம், சில கார்களில் துடைத்த பிறகு ஐடில் ரீலேர்ன் செய்ய, அதாவது ஐடில் அளவை ஈசியூ மறுபடி கற்றுக்கொள்ளச் செய்ய வேண்டியிருக்கும்; உங்கள் காரின் கையேட்டில் அந்த முறை இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.