ஆல்ட் பிளஸ் 'க'வால நின்னுபோன வேல – என் அனுபவம்

பாளையங்கோட்டையில ஒரு கடையில கணக்கு எழுதுதேன், எனக்குப் பார்வை கிடையாது, கம்ப்யூட்டர் திரையில இருக்கத சத்தமா வாசிக்க என்விடிஏங்கிற சாஃப்ட்வேரக் கேட்டுதான் எல்லாம். போன மாசம் கணக்கு சாஃப்ட்வேர தமிழுக்கு மாத்துனாவ, அவ்வளவு சந்தோசம், ஆனா அன்னைக்கே வேல நின்னுட்டு. முன்னால ஆல்ட் எஃப் அடிச்சா ஃபைல் மெனு திறக்கும், இப்போ "கோப்பு, ஆல்ட் பிளஸ் க"ன்னு வாசிக்கு, நானும் கே-ய அடிச்சு அடிச்சு பாக்கேன், அசையவே இல்ல.

அண்ணாச்சி ஒருத்தர்ட்ட கேட்டப்பதான் புரிஞ்சுது, அது தமிழ் 'க', கீபோர்ட தமிழுக்கு மாத்தணும், 1999ல அரசு ஏத்துக்கிட்ட தமிழ்99ங்கிற கீபோர்டு அமைப்புல அது எச் இருக்க இடம். சரின்னு திறந்தா உள்ள சேமி, சேர், செருகு மூணுக்குமே 'ச'தான்! அடிக்க அடிக்க ஒண்ணுலருந்து ஒண்ணுக்கு தாவுதே தவிர எதுவும் நடக்கல. கண்ணு தெரிஞ்சவங்க மவுஸ்ல கிளிக் பண்ணிட்டு போயிருவாங்க, எங்களுக்கு அந்த ஒத்த எழுத்துதான் வழி மக்கா.

அப்போதைக்கு எஃப்10 அடிச்சு ஏரோ கீயில போனேன், சேமிக்க கண்ட்ரோல் எஸ், அது மாறல. சாஃப்ட்வேர்காரங்களுக்கும் எழுதுனேன்: தமிழ்ப் பேரு அப்படியே இருக்கட்டும், கடைசில பழைய இங்கிலீஷ் எழுத்த மட்டும் போடுங்கன்னு. அடுத்த அப்டேட்ல "கோப்பு, ஆல்ட் பிளஸ் எஃப்"ன்னு வாசிச்சுது, கேட்டதும் கண்ணு கலங்கிட்டு.