உப்பளப் பாசி: வாங்குவோர் தவறுமிடங்கள்

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நிலாவெளிப் பக்கத்து உப்பளங்களைக் கடந்து செல்வோர், உப்புக் கட்டும் பாத்திகளின் நீர் ஏன் சிவக்கிறது என்று கேட்பதுண்டு. அந்தச் சிவப்பு முழுவதையும் குளிசை, தூள், கிறீம் என்று விற்பனைக்கு வரும் டுனாலியெல்லா சலினா என்னும் நுண்பாசியின் கணக்கில் எழுதிவிடுவதே முதல் தவறு. கடும் உப்பில் வாழும் வேறு நுண்ணுயிர்களுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. 1838இல் பிரான்சின் உப்பளங்களில் இப்பாசியைக் கண்ட டுனால் என்னும் தாவரவியலாளரின் பெயரே 1905இல் இதற்குச் சூட்டப்பட்டது. இயல்பில் இது பச்சைப் பாசி. உப்பும் வெயிலும் மிகுந்து ஊட்டம் குறையும்போதுதான், கரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் என்னும் சத்தைச் சேர்த்துச் செம்மஞ்சளாகிறது. அப்போது அதன் உலர் எடையில் 10 வீதம் வரைகூட அந்தச் சத்தாக இருக்கலாம்.

உப்பு எடுத்தபின் எஞ்சும் உப்பளத்து வடிநீரை முகத்தில் பூசினால் கிறீம் வாங்கத் தேவையில்லை என்று நம்புவது அடுத்த தவறு. இப்பாசிக்குத் தடித்த செல்சுவர் கிடையாது. உள்ளே கிளிசரோலைச் சேர்த்து வெளியுப்பை ஈடுகட்டும் உயிர் அது. நுணுக்குக்காட்டியின் கீழ் ஒரு துளியில் நல்ல தண்ணீரைக் கலந்தால் செல்கள் வீங்கி வெடிப்பதைக் காணலாம். பீட்டா கரோட்டினோ எண்ணெயில் கரைவது. அழகுப்பொருள்களில் சேர்வது பிரித்தெடுத்த சாறுதான். வடிநீரிலுள்ள மக்னீசிய உப்புகள் தோலை எரிக்கவே செய்யும். சாறு கலந்த கிறீமும் வெயில் காப்புக் கிறீமுக்கு ஈடாகாது.

ஸ்பிருலினாவையும் இப்பாசியையும் ஒன்றென எண்ண வேண்டாம். அது காரத்தன்மை மிகுந்த நீரில் வளரும் நீலப்பச்சை நுண்ணுயிர். அதில் பீட்டா கரோட்டினைவிடப் புரதமே பெரிதாகப் பேசப்படும்.

எல்லாவற்றிலும் பாரதூரமானது, புகைப்பவர்கள் பீட்டா கரோட்டின் குளிசையை நெஞ்சுக்கு நல்லதென்று விழுங்குவது. பின்லாந்தில் புகைக்கும் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 1994இல் வெளிவந்தபோது, குளிசை எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூடுதலாக இருந்தது. அங்கே கொடுத்தது செயற்கைச் சத்து, பாசியிலிருந்து வருவது இயற்கையானது என்று விற்பவர் சமாதானம் சொல்லலாம். புகைப்பவர் அதை நம்பித் தம் நுரையீரலைப் பணயம் வைக்கக் கூடாது. அவர் முதலில் பேச வேண்டியது வைத்தியருடன்.

புகைக்காதவரும் அளவு மீறினால் உள்ளங்கை மஞ்சளாகும். செங்கண்மாரி என்று பதறுமுன் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். அது வெண்மையாகவே இருந்தால் பெரும்பாலும் குற்றவாளி குளிசையே, ஆயினும் ஐயமிருந்தால் இரத்தத்தைப் பரிசோதிப்பது நல்லது. வெறும் வயிற்றில் விழுங்குவதும் வீண்செலவு: தேங்காய்ப்பால் கறியோடு சோறுண்ட பின் எடுத்தால்தான் சத்து உடலில் சேரும். திறந்த போத்தலை யன்னலோர வெயிலில் வைக்கவும் வேண்டாம். ஒளியும் காற்றும் பட்டால் பீட்டா கரோட்டின் சிதையும், செம்மஞ்சள் தூள் சில வாரங்களிலேயே வெளிறத் தொடங்கும்.