ஒட்சிசன் சென்சரைச் சோதிக்க பத்து எல்இடி சுற்று: மலையகத்துப் பெற்றோல் கார்களுக்கு

புகைப் பரிசோதனையில் கார்பன் மொனொக்சைட் கூடுதல் என்று வந்தால், பல கராஜ்களில் முதலில் கழற்றப்படுவது, புகைக் குழாயில் மிஞ்சும் ஒட்சிசனைப் பார்த்து வோல்டேஜ் அனுப்பும் ஒட்சிசன் சென்சர்தான். புதுசு போட்ட பிறகும் அதே முடிவு வருவதுண்டு. சென்சர் சரியாகத்தான் சொல்லியிருக்கும். கோளாறு வேறெங்கோ இருந்திருக்கும். சென்சர் வாங்குவதற்கு முன் அது அனுப்பும் வோல்டேஜைக் கண்ணால் பார்ப்பதுதான் முறை. டிஜிட்டல் மல்டிமீற்றரில் இலக்கங்கள் ஓடுவதில் ஏற்ற இறக்கம் பிடிபடாது. முள் மீற்றர் கூடவே கூடாது, அது இழுக்கும் மின்னோட்டத்திலேயே சென்சரின் வோல்டேஜ் விழுந்துவிடும்.

அதற்குப் பதிலாக, வோல்டேஜுக்கு ஏற்ப பத்து எல்இடிகளில் ஒன்று எரியும் சுற்று ஒன்றை நாமே செய்துகொள்ளலாம். இந்தச் சுற்று 0 முதல் 1 வோல்ட் வரை தரும் சாதாரண சிர்க்கோனியா சென்சருக்கு மட்டும். சூடேறிய பின் கலவையில் பெற்றோல் கூடினால் (ரிச்) 0.8, 0.9 வோல்ட் வரும். குறைந்தால் (லீன்) 0.1, 0.2. இரண்டுக்கும் நடுக்கோடு 0.45. பிரியஸ், அக்வா போன்ற வண்டிகளில் முன்பக்கம் இருப்பது ஏர் ஃபியூவல் சென்சர். அதை இதால் வாசிக்க முடியாது. டீசலுக்கும் இது பயன்படாது.

தேவையான பொருட்கள்: எல்எம்3914 ஐசி (வோல்டேஜை எல்இடி வரிசையில் காட்டுவது) ஒன்று, அதற்கு 18 பின் சொக்கெட், எல்இடி 11, பல சுற்றுத் திருகும் 1 கிலோ ஓம் ட்ரிம்மர், 10 கிலோ ஓம், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று, 7805 ரெகுலேட்டர், 1என்4007 டயோட், 0.33 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, 0.1 இரண்டு, 10 மைக்ரோஃபாரட் ஒன்று, அரை அம்பியர் ஃபியூஸ், ஒரு துண்டு வேரோபோர்ட், முதலைக் கிளிப்புகள்.

இணைக்கும் விதம்

பற்றரி பொசிட்டிவிலிருந்து ஃபியூஸ், அடுத்து டயோட், பிறகு 7805இன் உள்ளீடு. உள்ளீட்டிலிருந்து கிரவுண்டுக்கு 0.33, வெளியீட்டிலிருந்து கிரவுண்டுக்கு 0.1. அந்த 5 வோல்ட் ஐசியின் 3ஆம் பின்னுக்கும் எல்லா எல்இடிகளின் நீளக் கால்களுக்கும் போகிறது. 10 மைக்ரோஃபாரட்டை எல்இடி வரிசைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். வயர் நீண்டு, இது இல்லாமல் போனால் ஐசி தானாக அதிர்ந்து, இரண்டு மூன்று எல்இடி மங்கலாகச் சேர்ந்து எரியும்.

2, 4, 8 மூன்று பின்களும் கிரவுண்டுக்கு. ட்ரிம்மரின் ஒரு முனை 7ஆம் பின்னில், மறுமுனை கிரவுண்டில், நடுக்கால் 6ஆம் பின்னில். 7இல் வரும் 1.25 வோல்ட்டிலிருந்து அளவுகோலும், எல்இடி ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 13 மில்லி அம்பியரும் இந்த ஒரே ட்ரிம்மரால் அமைந்துவிடும். எல்இடிகளுக்குத் தனி ரெசிஸ்டர் வேண்டாம். சென்சர் சிக்னல் 10 கிலோ ஓம் வழியாக 5ஆம் பின்னுக்கு, அங்கிருந்து கிரவுண்டுக்கு மற்ற 0.1. ஒன்பதாம் பின்னை எதிலும் தொடுக்காமல் விடுங்கள், ஒரு நேரத்தில் ஒரு புள்ளி மட்டும் எரியும்.

அதிகம் பேர் தவறும் இடம் எல்இடி வரிசை. முதல் எல்இடி 1ஆம் பின்னில். இரண்டாவது 18இல், மூன்றாவது 17இல், இப்படியே இறங்கிப் பத்தாவது 10ஆம் பின்னில் முடிகிறது. முதல் மூன்று சிவப்பு (லீன்), அடுத்த இரண்டு மஞ்சள், மிச்சம் பச்சை (ரிச்) என்று போட்டால் வாசிக்க இலகு. பதினோராவது எல்இடியை 1 கிலோ ஓம் ரெசிஸ்டருடன் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் போட வேண்டும். சிக்னல் 0.1 வோல்ட்டுக்குக் கீழே போனால் பத்தும் அணைந்துவிடும். கருவி உயிரோடிருக்கிறதா என்று காட்ட இந்த ஒன்று வேண்டும்.

ஆறாம் பின்னில் மல்டிமீற்றரை வைத்து 1.00 வோல்ட் வரும்வரை ட்ரிம்மரைத் திருகுங்கள். இனி ஒரு எல்இடி 0.1 வோல்ட். 0.45இல் நான்காவது எரியும்.

வண்டியில் தொடுக்கும்போது

நாலு வயர் சென்சரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டும் சென்சரைச் சூடாக்கும் ஹீட்டருக்கு. டென்சோவில் நீலம் சிக்னல், வெள்ளை கிரவுண்ட். பொஷ், என்டிகே சென்சர்களில் கறுப்பு சிக்னல், சாம்பல் கிரவுண்ட். வயரின் உறையைக் குத்தாதீர்கள். பல சென்சர்கள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை வயருக்குள்ளாலேயே இழுக்கின்றன. மழையும் மூடுபனியும் ஓயாத ஊர்களில் அந்தத் துளையால் ஈரம் ஏறி நல்ல சென்சரும் கெடும். கனெக்டரின் பின்புறத்தால் மெல்லிய ஊசியைச் செருகி அதில் கிளிப்பை மாட்டுங்கள்.

கருவியின் கிரவுண்ட் பற்றரி நெகட்டிவில். எஞ்சின் ஓட, ஹெட்லைட் எரிய, பற்றரி நெகட்டிவுக்கும் சென்சரின் கிரவுண்ட் வயருக்கும் இடையில் 50 மில்லி வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் எஞ்சின் எர்த் வயரைக் கழற்றித் துருவைச் சுரண்டுங்கள். அதற்குப் பிறகுதான் எல்இடியை நம்பலாம்.

குளிருக்கும் மழைக்கும் பயந்து கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓடவிடாதீர்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, அது ஆளைக் கொல்லும்.

வாசிப்பது

எஞ்சின் நன்றாகச் சூடானதும் 2500 ஆர்பிஎம்மில் பிடியுங்கள். புள்ளி சிவப்புக்கும் பச்சைக்கும் இடையில் 10 வினாடிக்கு 8 தடவையாவது போய்வர வேண்டும். நடுவிலேயே நின்றால் சென்சர் சூடாகவில்லை: ஹீட்டர் வயர்களுக்கிடையில் ஓம் பாருங்கள், இணைப்பே காட்டாவிட்டால் ஹீட்டர் போய்விட்டது. ஹீட்டர் இல்லாத ஒற்றை வயர் சென்சர் நுவரெலியாக் குளிரில் ஐட்லிங்கில் ஆறிவிடும், அதைப் பழுது என்று எண்ணவேண்டாம். இரண்டு எல்லைக்கும் போகிறது, ஆனால் மெதுவாக என்றால் சென்சர் கிழடாகிவிட்டது. மாற்ற வேண்டியது அப்போதுதான்.

சிவப்பிலேயே நின்றால் இன்டேக்கில் காற்றுக் கசிவா என்று தேடுங்கள். வெக்யூம் குழாய்களை ஒவ்வொன்றாக நசுக்க, எதில் புள்ளி மேலே ஏறுகிறதோ அந்தப் பக்கம் கசிவு. சென்சருக்கு முன்னால் மேனிஃபோல்ட் கேஸ்கெட் ஊதினாலும் வெளிக்காற்று உள்ளே போய்ச் சிவப்புக் காட்டும். இன்னொன்றை மறக்கக்கூடாது: ஒரு பிளக் அடிக்காவிட்டாலும் சிவப்புத்தான். சென்சர் பார்ப்பது ஒட்சிசனை மட்டுமே, எரியாத பெற்றோல் அதற்குத் தெரியாது. கம்ப்யூட்டர் அதை லீன் என்று நம்பி இன்னும் பெற்றோல் ஊற்றும். டெஸ்டில் ஹைட்ரோகார்பன் எகிறும்.

பச்சையிலேயே நின்றால் ஒழுகும் இன்ஜெக்டர், கூடிய பெற்றோல் அழுத்தம், எஞ்சின் குளிர்ந்தே இருப்பதாகச் சொல்லும் வெப்பநிலை சென்சர், மூடாத பர்ஜ் வால்வ் (பெற்றோல் தாங்கியின் ஆவியை எஞ்சினுக்கு விடுவது) என்ற வரிசையில் பாருங்கள். உயரத்தையும் கணக்கில் எடுங்கள். சாவியை ஓனில் வைத்து எஞ்சினை ஓடவிடாமல் பார்த்தால், 1,868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவில் மெப் சென்சர் (இன்டேக்கின் காற்றழுத்தத்தை அளப்பது) 80 கிலோபாஸ்கல் அளவில் காட்ட வேண்டும். கடற்கரையில் போல 100ஐ ஒட்டிக் காட்டினால் எஞ்சினுக்குக் கூடுதல் பெற்றோல் போகக் காரணம் அதுதான். பத்தாவது எல்இடி எரிந்தால் சிக்னல் வயரில் வேறு வோல்டேஜ் கலக்கிறது, கனெக்டரில் ஈரம் இருக்கிறதா பாருங்கள்.

ஓட்டிப் பார்ப்பதானால் எல்இடியைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். ரம்பொடை இறக்கத்தில் கியரில் விட்டு இறங்கும்போது கம்ப்யூட்டர் பெற்றோலை நிறுத்தும். முதல் எல்இடி மட்டும் எரியும் அல்லது எல்லாமே அணையும். கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு மிதித்து ஏறும்போது பச்சையிலேயே நிற்கும். இரண்டும் கோளாறல்ல. தீர்ப்பு நிறுத்தி வைத்த வண்டியில், 2500இல்.

புகையைச் சுத்தமாக்கும் கெட்டலிற்றிக் கன்வேர்டருக்குப் பின்னால் இன்னொரு சென்சர் இருந்தால் கிளிப்பை அதற்கு மாற்றுங்கள். அங்கே புள்ளி ஆறாவது, ஏழாவது எல்இடிப் பக்கம் அமைதியாக நிற்க வேண்டும். முன் சென்சரைப் போலவே ஆடினால் கன்வேர்டர் வேலை செய்யவில்லை. ஆனால் மேலே சொன்ன கோளாறுகளைத் தீர்க்காமல் புதுக் கன்வேர்டர் பூட்டினால் அதுவும் கெட்டுப்போகும்.