வீடுகளுக்குள் வேலைக்குப் போகிறவர்கள் இடுப்பில் துப்பாக்கி வைக்க வேண்டாம், இவற்றைச் செய்யுங்கள்

ஏசி, கரண்ட், பைப், கேமரா என்று கொழும்பில் வீடு வீடாகப் போய் வேலை செய்கிற தம்பிமார் அடிக்கடி கேட்கிற கேள்வி, "அண்ணே, பாதுகாப்புக்கு ஒரு பிஸ்டல் லைசென்ஸ் எடுக்க ஏலாதா?" யூடியூப்பில் அமெரிக்க டெக்னீஷியன்மார் சட்டைக்குள் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போவதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். அங்கே பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் தனி அனுமதிப்பத்திரம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை மறைத்துக்கொண்டு நடமாடலாம். அப்படிப்பட்ட நாட்டிலேயே பல கம்பனிகள் வேலை நேரத்தில் துப்பாக்கி வைத்திருக்கத் தொழிலாளியை விடுவதில்லை, வீட்டுக்காரரும் வேண்டாம் என்று சொல்லலாம்.

இங்கே இலங்கையில் கதை வேறு. துப்பாக்கி வைத்திருப்பதை 1916ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம்தான் கட்டுப்படுத்துகிறது, 1996இல் அதைத் திருத்தித் தண்டனைகளை இன்னும் கடுமையாக்கினார்கள். பிஸ்டலுக்கு அனுமதி கொடுப்பது பாதுகாப்பு அமைச்சு, அதுவும் உயிராபத்து இருக்கிறது என்று தகுந்த காரணம் காட்டுகிறவர்களுக்குத்தான், வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். 2024 கடைசியில், ஏற்கனவே தற்காப்புக்கென்று கொடுத்த துப்பாக்கிகளையும் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லி அமைச்சு அறிவித்தது. ஆகவே "வெள்ளவத்தையில் இரவு வேலைக்குப் போகிறேன், பயமாக இருக்கிறது" என்று விண்ணப்பம் எழுதுவது வீண் வேலை. லைசென்ஸ் இல்லாமல் எங்கேயாவது வாங்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆளோடு பழக்கத்தையே விட்டுவிடுங்கள். ஒரு தமிழ்ப் பொடியனின் பையில் துப்பாக்கி அகப்பட்டால் கொழும்பில் என்ன நடக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை, வீட்டில் இருக்கிற அம்மாவையும் சேர்த்துத்தான் விசாரிப்பார்கள்.

சட்டத்தை விடுங்கள், வேலையையே யோசித்துப் பாருங்கள். ஏணியில் ஏறி இரண்டு கையையும் மேலே தூக்கி ஏசியின் இன்டோர் யூனிட் மூடியைக் கழற்றும்போது சட்டை இடுப்புக்கு மேலே ஏறிவிடும், மறைத்து வைத்தது எல்லாருக்கும் தெரியும். சிங்க்குக்குக் கீழே மல்லாந்து படுத்தால் அது விலாவில் குத்தும், குத்துகிறது என்று கழற்றிப் பையில் வைத்தால், வேலை பார்க்கிற இடத்தைச் சுற்றி நிற்கிற வீட்டுப் பிள்ளைகள் முதலில் கிண்டுவது அந்தப் பையைத்தான். இதற்கு மேலே எனக்கு வேறு காரணம் வேண்டாம்.

சரி, அப்படியென்றால் என்ன செய்வது?

முதல் காவல் போனிலேயே தொடங்குகிறது. புது நம்பரிலிருந்து வேலை வந்தால் பெயர், வீட்டு இலக்கம், எந்த ஒழுங்கை, ஃபிளாட் என்றால் எத்தனையாம் மாடி, யார் வீட்டில் நிற்பார்கள் என்று கேளுங்கள். பழுதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். உண்மையான கஸ்டமர் படம் அனுப்பக் கோபப்பட மாட்டார். "நீ வா, வந்து பார்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு, லொக்கேஷன் தராமல், சந்தியில் வந்து நில் கூட்டிப்போகிறேன் என்று இரவு ஒன்பது மணிக்குச் சொல்கிறவரிடம் "நாளைக்குக் காலையில் வாறேன் அண்ணே" என்று சொல்லிவிடுங்கள். உண்மையான வேலை என்றால் நாளைக்கும் இருக்கும்.

புறப்படும்போது வீட்டிலோ கூட வேலை செய்கிறவரிடமோ லைவ் லொக்கேஷனைப் போட்டுவிட்டு, எத்தனை மணிக்குத் திரும்ப அழைப்பேன் என்றும் சொல்லுங்கள். அந்த நேரத்துக்கு அழைப்பு வராவிட்டால் அவர் உங்களை அழைக்க வேண்டும், நீங்கள் எடுக்காவிட்டால் உடனே இன்னொருவரை அனுப்ப வேண்டும், இதை முன்கூட்டியே பேசி வைக்காவிட்டால் லொக்கேஷன் போட்டும் பிரயோசனம் இல்லை. கஸ்டமருக்குக் கேட்கிற மாதிரியே பேசுங்கள்: "ஓம் அண்ணே, நான் இப்ப கொட்டாஞ்சேனையில் அந்த வீட்டுக்கு வந்துட்டன், ஒரு மணித்தியாலத்தில் முடியும்." நீங்கள் இங்கே நிற்பது வெளியே ஒருவருக்குத் தெரியும் என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் புரிந்துவிடும். எந்தப் பிஸ்டலையும் விட இந்த ஒரு வசனத்தை நான் நம்புகிறேன்.

உள்ளே போனதும் கதவைக் கவனியுங்கள். வீட்டுக்காரர் பூட்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு போனால், "சாமான் எடுக்க அடிக்கடி பைக்குக்குப் போகவேணும், திறந்தே விடுங்கோ அன்ரி" என்று சொல்லலாம், அது பொய்யும் இல்லை. ஏணியையும் கருவிப் பையையும் உங்களுக்கும் வாசலுக்கும் நடுவில் வைக்காமல் ஒரு பக்கமாகச் சுவரோடு வையுங்கள். பைக்கை வெளியே போகிற பக்கம் திருப்பி நிறுத்துங்கள்.

நாயைக் கட்டும்வரை கேட்டுக்குள் கால் வைக்காதீர்கள். "ஒன்றும் செய்யாது, வாங்கோ" என்று எல்லாரும்தான் சொல்வார்கள். கடித்துவிட்டால் அந்த இடத்திலேயே சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள், விசர்நாய்க்கடி ஊசி அங்கே இலவசம். வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று நிற்காதீர்கள்.

அடிதடியை விட நம்மவர்களுக்கு அதிகம் வருகிற ஆபத்து களவுப் பழி. இதைத்தான் பலர் யோசிப்பதே இல்லை. ஒரு மோதிரம் காணாமல் போனால் கடைசியாக வேலைக்கு வந்தவர் மேல்தான் கை நீட்டுவார்கள், மோதிரம் ஒரு வாரம் கழித்துக் குளியலறையில் கிடைத்தாலும் உங்கள் பெயர் அந்த ஒழுங்கை முழுக்கப் போய்விட்டிருக்கும். அதனால் படுக்கையறையில் வேலை என்றால் தொடங்குவதற்கு முன் மேசையில் கிடக்கிற நகை, காசு, போன் எல்லாவற்றையும் வீட்டுக்காரரையே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அலுமாரியை நகர்த்த வேண்டுமானால் அவர் கூட நிற்கட்டும். வேலை தொடங்க முன்னும் முடிந்த பிறகும் அந்த இடத்தைப் படம் எடுங்கள். போகும்போது பையைத் தரையில் வைத்து வாயை அகலத் திறந்து, குறடு, டெஸ்டர், ஸ்பேனர் என்று ஒவ்வொன்றாக அவர் முன்னாலேயே எடுத்து அடுக்குங்கள். உங்கள் சாமான் விடுபடாமலும் இருக்கும், பைக்குள் வேறு ஒன்றும் இல்லை என்பதை அவர் கண்ணால் பார்த்தும்விடுவார்.

தனியாக இருக்கிற பெண்ணின் வீடு, அல்லது பிள்ளைகள் மட்டும் நிற்கிற வீடு என்றால் பெரியவர் ஒருவர் வந்த பிறகு வருகிறேன் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் உதவியாளரைக் கூட்டிக்கொண்டு போய் முன்கதவைத் திறந்து வைத்தே வேலை செய்யுங்கள். இந்தத் தொழிலில் இருக்கிற பெண்களும் இரண்டு பேராகப் போவதுதான் நல்லது.

காசு விஷயத்தில் சண்டை வந்தால், குடித்திருந்தால், கையில் எதையாவது தூக்கினால், விட்டுவிட்டு வெளியே வாருங்கள். கருவி உள்ளே கிடந்தாலும் கிடக்கட்டும். கேட்டுக்கு வெளியே வந்து பொலிஸுக்கு 119இல் அழையுங்கள், காயம் என்றால் அம்புலன்ஸுக்கு 1990. தண்டனைச் சட்டக்கோவையின் 89 தொடக்கம் 99 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன, ஆனால் தேவைக்கு மேல் ஒருவரைக் காயப்படுத்த அவை இடம் தருவதில்லை, பொலிஸைக் கூப்பிட நேரம் இருந்தால் கை வைக்கவும் இடமில்லை. ஸ்பேனரால் அடித்தவன் குற்றவாளிக் கூண்டில் நிற்க, சண்டையைத் தொடங்கியவன் சாட்சியாக நிற்கிற வழக்கு உங்களுக்கு வேண்டாம். கையில் காசு குறைவாக இருந்தால் பறிக்கவும் ஒன்றும் இராது, அதனால் முடிந்தவரை பணத்தை வங்கிக் கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள்.

வேலை செய்கிற வீட்டில் துப்பாக்கியைக் கண்டால் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், படம் எடுக்காதீர்கள். அறையை விட்டு வெளியே வந்து, "அதை எடுத்து வைத்தால்தான் வேலை செய்யலாம்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். அவர் எடுக்க மறுத்தால் பையைக் கட்டிக்கொண்டு கிளம்புங்கள். உங்கள் விரலடையாளம் அதில் பதிவது எந்தக் கூலிக்கும் ஈடாகாது.

இரவில் பைக்கை மறித்துப் பொலிஸ் பையைத் திறக்கச் சொன்னால் கத்தி, ஸ்க்ரூ ட்ரைவர் எல்லாம் கருவிப் பைக்குள்ளேயே இருக்கட்டும், இடுப்பிலோ சீட்டுக்கு அடியிலோ இருக்கக் கூடாது. அடையாள அட்டையோடு அன்றைய பில் புத்தகத்தையும் காட்டுங்கள். கஸ்டமரின் விலாசம், செய்த வேலை, முடித்த நேரம் மூன்றும் அதில் எழுதியிருந்தால் எங்கே போய்விட்டு வருகிறாய் என்ற கேள்விக்குப் பதில் உங்கள் கையிலேயே இருக்கும்.