காசு கட்டிய செயலி திடீரென வாய் மூடிக்கொண்டால் என்ன செய்வது?

ஒரு நாள் காலை வழக்கம்போல என் குறிப்புச் செயலியைத் திறந்தேன். மேல்பட்டையில் ஒலிபெருக்கிப் படம் போட்ட பொத்தானைக் காணோம். ஆண்டுச் சந்தா கட்டி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. மின்னஞ்சல் ஏதும் வரவில்லை. அப்டேட் குறிப்பில் "சில மேம்பாடுகள்" என்று ஒரே ஒரு வரி.

எழுதியதை வாசித்துக் காட்டும் அந்த வசதிதான் எனக்குப் பிழைதிருத்துநர். 'வந்தார்' என்பதில் துணைக்கால் விழுந்து 'வந்தர்' என்று நிற்பதை நாலு முறை படித்தாலும் என் கண் தாண்டிப் போய்விடும். காதில் விழுந்தால் உடனே உறுத்தும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு இழப்பு இன்னும் பெரிது. பொத்தான் போனால் அவர்களுக்குக் கோப்பே பூட்டிக்கொண்ட மாதிரி. அன்றைக்கு நான் சொதப்பியதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன், நீங்களாவது தப்பிக்கலாம்.

படி 1: உடனே அழிக்காதீர்கள்

பதற்றத்தில் நான் முதலில் செய்த வேலை, செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியது. பொத்தான் வரவில்லை. குரல் தப்பாகச் சொல்லும் சொற்களை எப்படிச் சொல்ல வேண்டும் என்று நான் திருத்தி வைத்திருந்த உச்சரிப்புப் பட்டியலும் சேர்ந்து போனதுதான் மிச்சம்.

அதனால் முதலில் வேறொரு கோப்பைத் திறந்து பாருங்கள். மெனுவுக்குள் எங்காவது இடம் மாறியிருக்கிறதா என்று தேடுங்கள். அதே செயலி இன்னொரு போனிலோ கணினியிலோ பழைய பதிப்பாக இருந்தால், அங்கே தானியங்கி அப்டேட்டை முதலில் நிறுத்துங்கள். பிறகு அந்தக் கருவியை விமான நிலைக்கு (ஏரோப்ளேன் மோட்) மாற்றிவிட்டு, இதுவரை வாசிக்கச் சொல்லாத ஒரு பத்தியைக் கொடுத்துப் பாருங்கள். இணையம் இல்லாமலும் வாசித்தால் குரல் கருவிக்குள்ளேயே இருக்கிறது. திணறினால் குரல் எங்கோ தொலைவில் உள்ள சர்வரிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சர்வர் குரல் என்றால் நீங்கள் கொடுக்கும் எழுத்து அங்கே போய், ஒலியாகத் திரும்பி வருகிறது. பல செயலிகள் இந்தக் குரலை வேறொரு நிறுவனத்திடம் வாடகைக்கு எடுக்கின்றன. அந்த வாடகை பெரும்பாலும் எழுத்துக் கணக்கில்தான். நீங்கள் எவ்வளவு கேட்கிறீர்களோ அவ்வளவு செலவு அவர்களுக்கு. ஒப்பந்தம் முடிந்தாலோ பில் கடித்தாலோ சத்தமில்லாமல் பொத்தானை எடுத்துவிட முடியும்.

காசு மட்டும்தான் காரணம் என்றும் இல்லை. 2009-இல் அமேசான் கொண்டுவந்த கிண்டில் 2 கருவி புத்தகங்களை வாசித்துக் காட்டியது. அமெரிக்க எழுத்தாளர் அமைப்பான ஆத்தர்ஸ் கில்ட், இது ஒலிப்புத்தக உரிமையில் கை வைப்பது என்று ஆட்சேபித்தது. அந்த பிப்ரவரி முடிவதற்குள், எந்தப் புத்தகத்தை வாசிக்கலாம் என்பதை உரிமையாளர்களே தீர்மானிக்கலாம் என்று அமேசான் இறங்கி வந்தது. கருவியை வாங்கியவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

படி 2: ஆதாரம் சேர்த்து, கடிதம் எழுதுங்கள்

காணாமல் போன இடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பணம் கட்டிய ரசீதைத் தேடி எடுங்கள். அப்புறம், நீங்கள் சந்தா சேர்ந்தபோது அந்தத் திட்டத்தில் என்னென்ன உண்டு என்று அவர்கள் போட்டிருந்த பக்கம் வேண்டும். அதை இந்நேரம் மாற்றியிருப்பார்கள். இன்டர்நெட் ஆர்கைவ் நடத்தும் வேபேக் மெஷினில் அந்த முகவரியைக் கொடுத்தால், பழைய தேதிகளில் சேமித்த பிரதி கிடைக்க வாய்ப்புண்டு. எனக்குக் கிடைத்தது. 'வாசித்துக் காட்டும் வசதி' என்ற வரிக்குப் பக்கத்தில் பச்சை டிக் அப்படியே இருந்தது.

கடிதத்தில் கோபம் காட்ட வேண்டாம். நான் அனுப்பியது இவ்வளவுதான்:

"இந்தத் தேதியில் ஆண்டுச் சந்தா கட்டினேன். அப்போது திட்டத்தில் இருந்த வாசிப்பு வசதி இப்போது இல்லை, படங்கள் இணைத்துள்ளேன். வசதி திரும்ப வருமா, எப்போது என்று சொல்லுங்கள். வராது என்றால் மீதி ஏழு மாதத்துக்கான தொகையைத் திருப்பித் தாருங்கள்."

12 மாதத்தில் 7 மாதம் என்று கணக்கோடு கேட்டால், "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று மட்டும் எழுதித் தப்பிப்பது கொஞ்சம் கடினம். முதல் பதில் அப்படித்தான் வந்தது. அதே கடிதத்தை மறுபடி அனுப்பியதும் பணம் திரும்பியது.

கூடவே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடுங்கள். போனின் செயலிக் கடை வழியாகக் கட்டியிருந்தால் அந்தக் கடைக்குள் போய்த்தான் சந்தாவை ரத்து செய்ய வேண்டும். செயலியை நீக்கினால் சந்தா தானாக நிற்காது. இதில் ஏமாறுபவர்கள் நிறைய.

படி 3: உங்கள் கருவியிலேயே ஒரு குரல்

விண்டோஸ் என்றால் செட்டிங்ஸில் 'நேரமும் மொழியும்' பகுதிக்குள் 'பேச்சு' என்று இருக்கும். அங்கே 'குரல்களைச் சேர்' என்பதை அழுத்தித் தமிழைத் தேர்ந்தெடுங்கள். வள்ளுவர் என்ற பெயரில் ஒரு ஆண்குரல் இறங்கும். ஒருமுறை இறங்கிவிட்டால் இணையம் தேவையில்லை. சில பழைய புரோகிராம்களின் குரல் பட்டியலில் இவர் தென்படாமல் போகலாம். உங்கள் நிறுவலில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

அதுவும் சரிப்படவில்லை என்றால் என்விடிஏ. 2006-இல் தொடங்கிய, இலவசமான, திறமூலத் திரைவாசிப்பான், அதாவது திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள். இஸ்பீக் என்ஜி என்ற சின்னக் குரல்பொறி அதனுடனேயே வருகிறது, தமிழும் பேசும். உண்மையைச் சொன்னால் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கும். வேகத்தைக் குறைத்து இரண்டு நாள் கேளுங்கள், காது பழகிவிடும். பிழை பிடிக்க எனக்கு இந்தத் தகரக் குரல்தான் பிடித்திருக்கிறது. உணர்ச்சியோடு வாசிக்கும் குரலைக் கேட்டால் கதையில் மயங்கிப் பிழையைக் கோட்டை விடுகிறேன்.

இனிமையான குரல்தான் வேண்டும் என்பவர்கள் எட்ஜ் உலாவியில் பக்கத்தையோ பிடிஎஃப் கோப்பையோ திறந்து கண்ட்ரோல், ஷிப்ட், யு மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பல்லவி என்ற தமிழ்க் குரல் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இணையம் வேண்டும். அதாவது இதுவும் இரவல் குரல்தான், நாளைக்கு இதுவும் போகலாம்.

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் 'டெக்ஸ்ட் டு ஸ்பீச்' என்று தேடுங்கள். போனுக்குப் போன் இடம் மாறும். அதற்குள் தமிழ்க் குரல் தரவை இறக்கிக்கொண்டு, அணுகல்தன்மை (ஆக்சஸிபிலிட்டி) பகுதியில் 'செலக்ட் டு ஸ்பீக்' வசதியை இயக்குங்கள். ஐபோனிலும் அணுகல்தன்மைப் பகுதிதான். திரையைப் பேசவைக்கும் வசதியை இயக்கிவிட்டு, இரண்டு விரலால் மேலிருந்து கீழே இழுத்தால் வாசிக்கும்.

படி 4: தவறவே கூடாததை ஒலிக்கோப்பாக்குங்கள்

பாடக்குறிப்பு, அடிக்கடி கேட்கும் கட்டுரை போன்றவற்றைக் குரல் கையில் இருக்கும்போதே ஒலியாகச் சேமித்து வையுங்கள். இஸ்பீக் என்ஜியைத் தனியாக நிறுவினால், எழுத்துக் கோப்பை நேரே ஒலிக்கோப்பாக எழுதித் தரும். உச்சரிப்புத் திருத்தங்கள் இருந்தால் அவற்றைச் சாதாரண எழுத்துக் கோப்பில் இன்னொரு பிரதி வையுங்கள். நான் தொலைத்தது அதைத்தான்.

இடையில் ஒரு சிக்கல் வரலாம். எல்லாம் சரியாக அமைத்த பிறகும் சில பழைய கோப்புகளைக் குரல் உளறிக் கொட்டும். குரல்மீது பழி போடுவதற்கு முன் எழுத்துருவைப் பாருங்கள். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய கோப்பாக இருந்தால் திரையில் தெரியும் 'அம்மா' உள்ளே வெறும் ஆங்கில விசைகள்தான்: எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, கடைசியில் ஹெச். குரல் பாவம், இருப்பதைத்தானே வாசிக்கும்? எழுத்துரு மாற்றியில் போட்டு, தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் யூனிகோடாக மாற்றிய பிறகு வாசிக்கச் சொல்லுங்கள், 'அம்மா' என்றே சொல்லும்.