மிதவை விமானத்தில் வால்ஐ பிடிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தின் வடமேற்கில் ரெட் லேக், சூ லுக்அவுட், இயர் ஃபால்ஸ் போன்ற ஊர்களிலிருந்து, தண்ணீரிலேயே இறங்கி ஏறும் மிதவை விமானங்கள் கிளம்புகின்றன. சாலையே இல்லாத ஏரிகளுக்கு வால்ஐ (walleye) என்ற நன்னீர் மீனைப் பிடிக்கப் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் விமானங்கள் இவை. அங்கே புதியவர்கள் ஆண்டுதோறும் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். மழைக்கோட்டை மறப்பது போன்றவை ஒருமுறை நனைந்தால் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுவோம்.

எடையைக் கண்ணால் அளப்பது

கொஞ்சமும் பொறுக்க முடியாத தவறு இது. பல முகாம்கள் ஒருவருக்கு 80 முதல் 100 பவுண்டு வரை, அதாவது சுமார் 36 முதல் 45 கிலோ வரைதான் அனுமதிக்கின்றன. சாப்பாடும் அதற்குள் அடக்கம். இது முன்பதிவுத் தாளிலேயே இருக்கும். ஆனாலும் விமானம் கிளம்பும் நீர்த்துறையில் தராசில் ஏற்றிய பிறகுதான் பலருக்கு விஷயம் புரிகிறது.

பீவர் என்ற சிறு மிதவை விமானம் எவ்வளவு சுமக்கும் என்பது ஒரே எண் அல்ல. ஏரி தொலைவில் இருந்தால் எரிபொருள் கூடும், அந்த அளவுக்குச் சுமை குறைய வேண்டும். வெயில் ஏறினால் காற்றின் அடர்த்தி குறையும், இறக்கைக்குத் தூக்குவிசை போதாது. தண்ணீர் அலையின்றிக் கண்ணாடிபோல் கிடந்தால் மிதவைகள் நீரை விட்டு விடுபடத் தாமதமாகும். சின்ன ஏரியில் எதிர்க்கரை மரங்கள் வருவதற்குள் விமானம் எழும்பியாக வேண்டும். அதனால் 10 கிலோதானே என்று விமானியிடம் பேரம் பேசாதீர்கள். மீறிய சுமைக்கு இரண்டே வழி: துறையிலேயே விட்டுப் போவது, அல்லது இன்னொரு நடைக்குப் பணம் கட்டுவது. அந்த நடை மலிவாக முடியாது.

எடை எங்கே சேர்கிறது என்று பாருங்கள். 355 மில்லி பீர் கேன் 24 சேர்ந்தால் ஏறக்குறைய 9 கிலோ. புட்டித் தண்ணீர், டின் உணவு, உருளைக்கிழங்கு எல்லாம் தண்ணீரைச் சுமப்பதுதான். ஏரித் தண்ணீரை வடிகட்டியோ கொதிக்க வைத்தோ குடிக்கலாம். அரிசி, பருப்பு, மாவு, மசாலாப் பொடி கொண்டுபோனால் ஒரு வாரத்துக்கும் சுமை குறைவு. வீட்டிலிருக்கும் முழுத் தூண்டில் பெட்டியைத் தூக்கி வராதீர்கள். ஜிக் என்பது தலையில் ஈயக்குண்டு கொண்ட தூண்டில் முள். கால் அவுன்ஸ் ஜிக் ஒன்று 7 கிராம். 40 ஜிக் எடுத்தாலும் 300 கிராம் வராது. அதில் மாட்ட 3 அங்குல ரப்பர் வால்கள், வெள்ளையிலும் பச்சை கலந்த மஞ்சளிலும், போதும்.

பெரிய கூலர் பெட்டியையும் தவிருங்கள். காலியாகவே அது கனம், விமானத்தின் வளைந்த வயிற்றுக்குள் அடுக்கவும் வராது. மடங்கும் துணிப்பைகளே சரி. ஒவ்வொரு பையையும் வீட்டிலேயே நிறுத்து, எடையை ஒட்டுப்பட்டையில் எழுதி ஒட்டுங்கள்.

ஏரியின் நடுவில் தேடுவது

ஜூன் மாதத்தில் ஆறு ஏரிக்குள் விழும் இடத்தில், நீரோட்டத்தின் ஓரமாக, 2 முதல் 4 மீட்டர் ஆழத்தில் தொடங்குங்கள். கோடை முற்றியதும் பாறைத் திட்டுகளும் கரை முனைகளும், 4 முதல் 8 மீட்டர். காற்று மோதும் கரையை விட்டுவிட்டு அமைதியான மூலையைத் தேடிப் போவதுதான் பலர் செய்யும் பிழை. அலை வெளிச்சத்தை உடைக்கும். வால்ஐயின் கண் மங்கிய ஒளிக்கென்றே அமைந்தது. ஜிக் அடித்தளத்தைத் தொட வேண்டும். தொடுவது கைக்குத் தெரியவில்லை என்றால் எட்டில் ஒரு பங்கு அவுன்ஸிலிருந்து கால் அவுன்ஸுக்கு மாறுங்கள்.

லீடர் இல்லாமல் வீசுவது

அதே ஏரியில் உள்ள பைக் மீன் பல்லால் நூலை அறுக்கும். நூல் நுனியில் மெல்லிய, குட்டையான லீடர், அதாவது பல்லுக்கு அறுபடாத துண்டு இழை, போடுங்கள்.

தெற்கில் வாங்கிய உயிர் இரை

2022 முதல் ஒன்டாரியோ தூண்டில் இரைக்கான மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சிறுமீனையும் அட்டையையும் மண்டலம் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. அந்த மண்டலத்திலேயே வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

நாளுக்கு 4 என்று பெருக்குவது

மீன்வள மேலாண்மைக்கான 4ஆம் மண்டலத்தில் (இது இரை மண்டலம் அல்ல) ஸ்போர்ட் உரிமத்துக்கு 4 வால்ஐ, கன்சர்வேஷன் உரிமத்துக்கு 2. அவற்றில் ஒன்று மட்டுமே 46 செ.மீ.க்கு மேல் இருக்கலாம். சில ஏரிகளுக்குத் தனி விதி உண்டு, கிளம்பும் முன் பாருங்கள். இந்த எண்ணிக்கை ஒரு நாளைக்கும் பொருந்தும், கைவசம் வைத்திருக்கும் மொத்தத்துக்கும் பொருந்தும். 5 நாள் தங்கினால் 20 மீன் கொண்டுவரலாம் என்பது தவறான கணக்கு. துண்டுகளில் தோலை விட்டுவைத்து, மொத்தமாக உறையவிடாமல் தட்டையாக அடுக்குங்கள். சோதிக்கும் அதிகாரி இனத்தை அடையாளம் கண்டு எண்ண முடிய வேண்டும். பெரிய பெண் மீன்களைத் தண்ணீரிலேயே விடுங்கள், முட்டையிடுபவை அவைதான்.

கரடி ஸ்ப்ரேயைப் பைக்குள் ஒளிப்பது

கரடியை விரட்டும் மிளகாய் ஸ்ப்ரே இருந்தால் விமானியிடம் சொல்லுங்கள். அது பயணிகள் இருக்கும் இடத்தில் வரக்கூடாது.

உயிர்காப்புச் சட்டையை விமானத்துக்குள் ஊதுவது

வெளியே வந்த பிறகே ஊத வேண்டும். உள்ளே ஊதினால் கதவை நோக்கி முங்கி வர முடியாது.

திரும்பிய மறுநாளே வேலை

மூடுபனி, காட்டுத்தீப் புகை, பலத்த காற்று, எதுவானாலும் விமானம் வராது. 2 நாள் உணவும் மாத்திரையும் கூடுதலாக வையுங்கள். வீடு திரும்பும் விமான டிக்கெட்டையும் அதே நாளுக்குப் போடாதீர்கள்.