பாடும் பியானோக்காரர்களின் சிறுகுழு ஸ்விங்: தேதி பார்க்காமல் வாங்காதீர்கள்

போன மாதம் ஒரு தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். பியானோ வாசித்துக்கொண்டே பாடிய அமெரிக்க ஜாஸ் கலைஞர் நாட் கிங் கோலின் மூவர் குழுவை (பியானோ, கிடார், பாஸ் எனும் பெரிய தந்தி வாத்தியம்) பற்றி நான் சொன்னதைக் கேட்டு, போனில் ‘ஸ்வீட் லொரெய்ன்’ பாட்டைத் தேடி எடுத்து ஒரு வாரமாகக் கேட்டிருக்கிறார். “சார், மூணே பேரு, டிரம்ஸே கிடையாதுன்னு சொன்னீங்க. இதுல டிரம்ஸ் நல்லாவே கேக்குது, ட்ரம்பெட் வேற வருது” என்றார். அவர் காதில் பிழையில்லை. அவருக்குக் கிடைத்த பதிவுதான் வேறு. இருபது வருடத்துக்கு முன் நான் விழுந்த அதே குழி.

நிதானமாகக் கேளுங்கள், நல்ல ஹெட்போன் வாங்குங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன். ஸ்விங் என்கிற, முப்பது நாற்பதுகளின் துள்ளல் ஜாஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பாட்டு முடிந்ததும் அடுத்ததற்குத் தாவுவது

பத்து அங்குல 78 தட்டில் (நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய கிராமபோன் தட்டு) ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான். அதில் குரலுக்கு ஒரு பங்கு. கோலைப் போலவே பாடும் பியானோக்காரரான ஃபேட்ஸ் வாலர் 1935-இல் பதிவு செய்த ‘ஐ’ம் கோனா சிட் ரைட் டவுன் அண்ட் ரைட் மைசெல்ஃப் எ லெட்டர்’ எடுத்த எடுப்பில் பாடுவதில்லை. முதலில் பியானோ மெல்ல ஒரு சுற்று வாசித்து முடிக்கிறது. பிறகுதான் வாலர் வாயைத் திறக்கிறார். அந்தச் சுற்றைத் தள்ளிவிட்டு நேராகக் குரலுக்குப் போகிறவர்கள், ஆலாபனையை ஓட்டிவிட்டுக் கீர்த்தனையை மட்டும் கேட்கிறவர்களைப் போலத்தான். குரல் எங்கிருந்து கிளம்பியது என்பதே அவர்களுக்குத் தெரியாமல் போகிறது.

வாலரைக் கோமாளி என்று ஒதுக்குவது

சிரிக்கிறார், புருவத்தை நெரிக்கிறார், பாட்டு நடுவில் பேசுகிறார். உண்மைதான். ஆனால் இடக்கையைக் கேளுங்கள். ஒன்றாம் மூன்றாம் அடிகளில் கீழே ஆழமாக ஒரு சுரம், இரண்டாம் நான்காம் அடிகளில் நடு ஸ்தாயியில் ஒரு கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள். ஸ்ட்ரைட் என்று இதற்குப் பெயர். மூத்த பியானோக்காரர் ஜேம்ஸ் பி. ஜான்சனிடம் அவர் கற்றது. வாய் என்ன வேடிக்கை செய்தாலும் அந்தக் கை ஓர் அடிகூடப் பிசகாது. பதின்ம வயதிலேயே நியூயார்க்கின் ஹார்லெமில் ஊமைப் படங்களுக்குத் தியேட்டர் ஆர்கன் வாசித்தவர். 1934 மே மாதம் ‘ஃபேட்ஸ் வாலர் அண்ட் ஹிஸ் ரிதம்’ என்ற பெயரில் குழுவாகப் பதிவு செய்யத் தொடங்கியபோது, அவர் கையில் திணிக்கப்பட்ட பாட்டுகளில் பல சாதாரணச் சரக்கு. அவற்றைக் கேலி செய்துகொண்டே உயிர் கொடுத்தார். கேலியை மட்டும் கேட்பது அவருக்குச் செய்கிற அநியாயம்.

தேதி பார்க்காமல் வாங்குவது

இதுதான் என்னை இன்றைக்கும் எரிச்சல் படுத்துகிற தவறு. 2004-இல் ஒரு இரட்டை சிடியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். அந்த மாதச் சம்பளத்தில் பெரிய துண்டு அதற்குப் போனது. அட்டையின் பின்பக்கம் பாட்டுகளின் பெயர்கள் மட்டும் இருந்தன. எப்போது, எங்கே, யார் யார் வாசித்தது என்று ஒரு வரி இல்லை. நான் தேடியது கோலின் பியானோவும் ஆஸ்கர் மூரின் கிடாரும் ஒன்றையொன்று பிடித்து விளையாடுகிற நாற்பதுகளின் ஒலி. வந்து சேர்ந்தது ஒரு கலவை. சில பாட்டுகள் வானொலி நிகழ்ச்சிகளிலிருந்து, கைதட்டலோடு. சில பல வருடம் கழித்து மறுபடி பாடியவை. விற்றவரிடம் கேட்டதற்கு, “அதே ஆள், அதே பாட்டு, இதில் என்ன குறை?” என்றார். அந்தப் பதிலை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

என்ன குறை என்பதை ‘ஸ்வீட் லொரெய்ன்’ ஒன்றை வைத்தே சொல்கிறேன். 1940 டிசம்பர் 6-இல் டெக்கா நிறுவனத்துக்குப் பதிவானபோது கோலுக்கு வயது 21. கிடார் ஆஸ்கர் மூர், பாஸ் வெஸ்லி பிரின்ஸ். 1943 டிசம்பர் 15-இல் கேப்பிட்டல் நிறுவனத்துக்கு மறுபடி. கிடார் அதே மூர், பாஸ் ஜானி மில்லர். 1956-இல் ‘ஆஃப்டர் மிட்நைட்’ ஆல்பத்துக்கு இன்னொரு முறை. இப்போது கிடார் ஜான் காலின்ஸ், பாஸ் சார்லி ஹாரிஸ், டிரம்ஸ் லீ யங், விருந்தாளியாக ட்ரம்பெட்டில் ஹாரி எடிசன். தம்பியின் போனில் இருந்தது இந்த மூன்றாவது. அருமையான பதிவு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தாளத்தைத் தாங்க டிரம்ஸ் வந்துவிட்டால் பியானோவின் வேலை மாறிவிடுகிறது, கிடாரின் வேலையும் மாறிவிடுகிறது. மூவர் மட்டும் இருக்கும்போது கோல் பாடிக்கொண்டே இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கார்டை வைத்து நகர்கிறார். அவர் விட்ட இடத்தை மூர் நிரப்புகிறார். மூர் நிரப்பாமல் விட்டால் அந்த மௌனத்தில் பாஸ் நடந்துபோவது கேட்கும். அந்த இடைவெளிதான் அந்தக் குழு.

கச்சேரிக்குப் போகுமுன் “வயலின் யாரு, மிருதங்கம் யாரு?” என்று கேட்காத ரசிகர் நம் ஊரில் உண்டா? இங்கேயும் அதே கேள்விதான். மூர் 1947-இல் குழுவை விட்டுப் போனார். அந்த இடத்துக்கு இர்விங் ஆஷ்பி வந்தார். 1949-இல் ஜாக் காஸ்டான்சோவின் பாங்கோ மேளம் சேர்ந்தது. ஆகவே ஆண்டு தெரிந்தால் ஆட்கள் தெரிந்துவிடும், ஆட்கள் தெரிந்தால் ஒலியைப் பாதி ஊகித்துவிடலாம்.

இன்னும் மூன்று பொறிகள் இருக்கின்றன. முதலாவது, கோல் தன் பழைய வெற்றிகள் பலவற்றை 1961-இல் ஸ்டீரியோவில் மறுபடி பாடினார். ‘ஸ்ட்ரெய்ட்டன் அப் அண்ட் ஃப்ளை ரைட்’ பாட்டின் 1943 நவம்பர் 30 பதிவைத் தேடிப் போய் 1961-ஐ வாங்கி வருகிறவர்கள் நிறைய. ‘தி கிறிஸ்மஸ் சாங்’ இன்னும் சிக்கல்: 1946-இல் இரண்டு முறை, 1953, 1961. மூவர் மட்டும் வாசித்தது 1946 ஜூனில் எடுத்த முதல் பதிவு. டிசம்பர் மாதக் கடைகளில் கேட்பது பெரும்பாலும் 1961.

இரண்டாவது, வானொலி நிலையங்களுக்கென்றே 16 அங்குலத் தட்டுகளில் எடுத்த பதிவுகள். கோல் குழு அப்படி ஏராளமாக வாசித்திருக்கிறது. அவை மட்டம் என்று சொல்லவில்லை, சிலவற்றைக் கேட்காமல் எனக்கு நாள் போகாது. ஆனால் கடையில் விற்ற தட்டு என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். 1942 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க இசைக் கலைஞர் சங்கம் தட்டுப் பதிவுகளை நிறுத்திவைத்தது என்பதும் நினைவிருக்கட்டும். கேப்பிட்டல் 1943 அக்டோபரில்தான் ஒப்பந்தத்துக்கு வந்தது. இடைப்பட்ட காலத்துத் தேதியோடு ஒரு கோல் பதிவு கிடைத்தால், அது எங்கிருந்து வந்தது என்று இரண்டு முறை கேளுங்கள்.

மூன்றாவது, போன் செயலிகள் காட்டும் ஆண்டு. பெரும்பாலும் அது தொகுப்பு வெளிவந்த ஆண்டு, பதிவான ஆண்டு அல்ல. வாலரின் ‘எய்ன்ட் மிஸ்பிஹேவின்’ பாட்டில் குரலை எதிர்பார்த்து 1929 பதிவைப் போட்டால் தனிப் பியானோதான் வரும். பாடியது வேண்டுமென்றால் 1938-இல் அவர் லண்டனில் எடுத்ததைத் தேடுங்கள்.

தேதியைத் தேடிப் பழகியபின் தட்டுகள் தாமாகப் பேச ஆரம்பிக்கும். கோல் இரண்டாம் முறை ‘ஸ்வீட் லொரெய்ன்’ பாடிய அந்த 1943 டிசம்பர் 15 அன்றுதான், கன்சாஸ் சிட்டிக்கு அருகே ரயிலில் நிமோனியாவால் வாலர் இறந்தார். வயது 39. இதைத் தெரிந்துகொண்ட நாளில் இருவருடைய தட்டுகளையும் மாற்றி மாற்றிப் போட்டபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

டிரம்ஸ் இல்லாவிட்டால் ஸ்விங் இல்லை என்பது

1943-இல் பியானோ மேதை ஆர்ட் டேட்டமே பியானோ, கிடார், பாஸ் என்று குழு அமைத்தார். அவ்வளவுதான்.

அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைப்பது

78 தட்டில் இருப்பது அரக்கு. பெரும்பகுதி இந்தியாவிலிருந்துதான் போனது. ஆசாரி மரத்துக்குப் பாலிஷ் போட அரக்கை எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில்தானே! ஒரு வாலர் தட்டின் பளபளப்பை என் கையாலேயே அப்படி அழித்திருக்கிறேன். மணிக்கணக்காகத் தேடி வாங்கிய தட்டு, ஒரு நிமிடத்தில் போனது. எல்பிக்கென்று (78-க்குப் பின் வந்த வினைல் தட்டு) விற்கும் திரவங்கள் சிலவற்றிலும் ஆல்கஹால் உண்டு, லேபிளைப் படியுங்கள்.

எல்பி ஊசியில் 78

வேண்டாம். 78-இன் பள்ளம் மூன்று மடங்கு அகலம். தனி ஊசி வாங்குங்கள்.

முதலிலேயே முழுத் தொகுப்பு

கோல் மூவர் குழுவின் கேப்பிட்டல் பதிவுகள் 18 சிடி. அது ஐந்தாவது வருடத்துக்கு.

இரைச்சலே இல்லாத பிரதிதான் நல்லது என்று நினைப்பது

பழைய தட்டின் ‘உஸ்’ சத்தமும் கிடார் கம்பியின் கூர்மையும் ஒலியில் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒன்றை முழுக்க இடித்தால் இன்னொன்றின் சுவரும் விழும். வாலர் குழுவில் ஆல் கேசி வாசித்தது ஒலிபெருக்கி இல்லாத மரக் கிடார். 1941-இல் எடுத்த ‘பக் ஜம்பின்’ அவருக்காகவே அமைந்தது. இரண்டு பிரதிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்குமுன் இந்த ஒரு பாட்டை இரண்டிலும் போட்டுப் பாருங்கள். கேசி கார்டை மாற்றும்போது கம்பி அதிர்வது உஸ் சத்தத்தினூடே தெளிவாகக் கேட்கிற பிரதியை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பளிக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் கேட்டால், அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.